கீழ்மூடாக்கு

பெரியவர் மருந்துப் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு மோந்து பார்த்தார். பக்கத்து அறையில் அவருடைய தம்பி செத்துக் கிடந்தார். விடிந்தும் விடியாமலும் போன உயிர். அங்கிருந்து அழுகைச் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பெரியவர் இன்னும் அழவில்லை. அழுகை எங்கே ஓடிவிடப்போகிறது? பாட்டில் ஓடிவிடும். யாராவது எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

"அது இருமல் மருந்து, பெரிய மாமா."

வாசற்படியில் மருமகன் நின்றான். தம்பியின் ஒரே மகளைக் கட்டியவன். மருந்துக்கடையில் வேலை. அப்படியொரு மருமகன் வாய்த்ததற்குச் சின்னவரைக் 'கொடுத்து வைத்தவர்' என்று ஊரே சொல்லும். 'என்ன கொடுத்து வைத்தான்?' என்று பெரியவர் கேட்பார்.

"இருமலுக்கு எதுக்கு இவ்வளவு கசப்பு வாடை?"

"எல்லா இருமல் மருந்தும் அப்படித்தான் இருக்கும்."

"எல்லாத்தையும் குடிச்சுப் பாத்திருக்கீங்களாக்கும்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். பேசாதவனைக் கண்டாலே பெரியவருக்கு ஆகாது. பாட்டிலை மூடித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவன் செருப்பைப் பார்த்தார். ஓரமெல்லாம் ஈர மண். காய்ந்துபோன பழைய மண் இல்லை, இன்று காலை ஒட்டிய மண். மாமனார் உயிர் பிரிகிற நேரத்தில் மருந்துக்கடைக்காரனுக்கு நிலத்தில் என்ன வேலை?

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

மூடி வைத்த எதையும் பெரியவர் நம்பியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முதலில் எல்லாப் பாத்திரத்தின் மூடியையும் தூக்கிப் பார்ப்பார். யாராவது வாயைப் பொத்திக்கொண்டு இருமினால் சிரிப்பை மறைக்கிறான் என்பார். பூச்சந்தைக்குப் போனால் அடுத்தவன் கூடைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பூவை இழுத்து வெளியே போடுவார். 'மேல சிரிக்கும், அடியில அழுகியிருக்கும்' என்பது அவர் வேதம். பத்துக்கு ஒரு கூடையில் அது உண்மையாகவும் இருக்கும். அந்த ஒரு கூடையை வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் சந்தேகப்படுவார். சந்தையில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அண்ணன் தம்பி இருவரும் கடைசிவரை ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பெரியவருக்குப் பெண்டாட்டி இல்லை. இருந்தவள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டை ஒட்டினாற்போல் நிலம், நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சின்னவர், இந்தப் பக்கம் பெரியவர். இரண்டு பக்கமும் சாமந்திதான். ஆனால் பார்த்தவுடனே யார் பக்கம் எது என்று குருடனும் சொல்லிவிடுவான்.

சின்னவர் பக்கம் மண்ணே தெரியாது. செடி வரிசைகளுக்கு நடுவே வைக்கோலும் சருகும் மெத்தையாகப் பரப்பியிருக்கும். மூடாக்கு. வெயிலில் ஈரம் காயாது, களை தலைகாட்டாது, மழை அடித்தால் சேறு தெறித்துக் கீழ் இலை கெடாது என்பது சின்னவர் கட்சி. தண்டை ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும் என்று ஒவ்வொரு செடியின் கழுத்திலும் விரலை விட்டு வைக்கோலை விலக்கிக் காற்றுக்கு வழி விடுவார். குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் தளர்த்துவதுபோல் இருக்கும்.

பெரியவர் பக்கம் மொட்டை மண். "மண்ணுக்கு எதுக்குடா போர்வை, அதுக்கென்ன குளிர்காய்ச்சலா? பொத்தி வெச்ச எடத்துல பூச்சிதான் குடும்பம் நடத்தும்" என்பார். தன் வரிசைகளில் ஒரு சருகு காற்றில் வந்து விழுந்தாலும் பொறுக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீசுவார். சின்னவர் அதை எடுத்துத் தன் செடிக்குப் போட்டுவிட்டு, "அண்ணன் சீர் செய்யறாரு" என்று சிரிப்பார்.

தனித்தனியாகப் பயிர் வைத்த முதல் வருஷம் பெரியவர் பக்கம் மொட்டிலேயே கருகியது உண்மை. அந்த வருஷம் வெயில் அப்படி. அடுத்த வருஷம் அவர் பூவும் தம்பி பூவும் ஒரே உயரம், ஒரே பருமன். அதற்கப்புறம் எல்லா வருஷமும் அப்படித்தான். பெரியவர் சும்மா இருப்பாரா? சந்தையில் கண்டவனையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வார். "அவன் வைக்கோலும் சருகுமா சுமந்து சாவறான். நான் ஒரு துரும்பு போடறதில்ல. பாரு, ரெண்டு பூவையும் பக்கத்துல வெச்சுப் பாரு." சின்னவர் அதையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

அந்தச் சின்னவர்தான் இப்போது உள்ளே கிடக்கிறார். நெஞ்சில் சளி கட்டி, எலும்பும் தோலுமாகி, நேற்று சாயங்காலம் பேச்சு போனது.

பேச்சு போவதற்கு முன்னால் ஒன்று சொன்னார். அதுதான் பெரியவரை உட்காரவும் விடவில்லை, அழவும் விடவில்லை.

அப்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழையப்போன பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலில் தம்பி, ஒரு பக்கம் தம்பி பெண்டாட்டி, இன்னொரு பக்கம் மருமகன். தம்பிக்கு வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"கீழ... மூடாக்கு... முடிச்சிடுங்க... அண்ணனுக்கு... தெரியவே கூடாது."

"சரி, சரி, நான் பாத்துக்கறேன், பேசாம படுங்க" என்றாள் அவள். நிமிர்ந்தவள் வாசலில் பெரியவரைக் கண்டாள். மருமகனும் கண்டான். இரண்டு பேர் வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

தன் தலையைக் கண்டதும் பேச்சு நிற்கிற இடத்தில் தன்னைப் பற்றித்தான் பேச்சு நடந்திருக்கிறது. இதற்குப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை.

மூடாக்குக்குக் கீழே. வைக்கோலுக்கு அடியில். அண்ணனுக்குத் தெரியாமல். அங்கே என்ன வைத்தான்? கூடப் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், சாகிற நேரத்திலும் தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்கு அது என்ன? இல்லை, தம்பிக்கே ஒன்றும் இல்லாமல், இந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவனைச் சொல்ல வைத்தார்களா? பெரியவர் மனசு கயிறு அறுத்த கன்றுக்குட்டியாக எல்லாப் பக்கமும் ஓடியது.

இப்போது மறுபடி அந்த அறைக்குள் போனார். முகத்தைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. அந்தத் துணியைக்கூட ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். தம்பி பெண்டாட்டி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து என்னம்மா சொன்னான் அவன்?"

"எப்ப மாமா?"

"எப்பன்னு உனக்குத் தெரியும்."

அவள் தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மாமா. காய்ச்சல் வேகத்துல ஏதோ உளறினாரு."

ஒண்ணுமில்லை. இந்த உலகத்தில் ஒன்றுமில்லாத எதற்கும் யாரும் 'ஒண்ணுமில்ல' என்று சொல்வதில்லை.

சவப்பெட்டி வந்து இறங்கியது. தச்சர் கூடவே வந்து ஆணிகளைச் சரிபார்த்தார். சந்தையிலிருந்து பூ ஏஜெண்ட் வந்தார், அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ஏஜெண்ட் பெரியவர் தோளைத் தொட்டு, "முன் பக்கம் ஒரு மூலைக்கு நீங்கதான் அண்ணே. கூடப் பிறந்தவர் நீங்க இருக்கும்போது வேற யாரு?" என்றார்.

"நான் தூக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"தமிழ்லதான் சொன்னேன். இந்த வீட்டுல ஒண்ணை மூடி வெச்சிருக்காங்க. அது என்னன்னு தெரியாம நான் தோள் குடுக்க மாட்டேன். என்னைத் தாண்டிப் பொட்டியும் போகாது."

அழுகை சட்டென்று நின்றது. சாவு வீட்டில் அழுகை நிற்பதுபோலச் சங்கடம் வேறில்லை. மருமகன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பார்வை போய் வந்த வழியைப் பெரியவர் அளந்துகொண்டார்.

"மோப்பம் பிடிக்கிற நேரமாண்ணே இது?" என்று ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தினார். "செத்தவன் காத்துக்கிட்டிருக்கான்."

"செத்தவனுக்கு என்னய்யா அவசரம்? உனக்குத்தான் அவசரம். உன் அவசரம் எதுக்குன்னும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதை அப்புறம் வெச்சுக்கறேன்."

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கொட்டகையில் சாத்தியிருந்த முள்கரண்டியை எடுத்தார். குப்பை அள்ளுகிற, நீளக் காம்பு போட்ட இரும்பு முள். கொட்டகைக்குப் பின்னால் காலிச் சாக்குகள் சுருட்டிக் கிடந்தன. நேற்று இல்லாத சாக்குகள். ஒன்றை விரித்து மோந்தார். மக்கின வாடை. ஆள் வைத்துச் செய்கிற அளவுக்குப் பெரிய காரியம் நடந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்.

வாய்க்காலைத் தாண்டித் தம்பி பக்கம் போனார். சாவு வீட்டுக் கூட்டம் பின்வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தது. பார்க்கட்டும்.

முதல் வரிசை. முள்ளை விட்டு வைக்கோலைத் தூக்கினார். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, கை வைத்தால் குளிர்ந்தது. மண்புழுக்கள் வெளிச்சம் பட்டுச் சுருண்டன. அடுத்த இடத்தில் தூக்கினார். வெளிறிய களை முளை ஒன்று, மேலே வர வழி தெரியாமல் நூலாக வளைந்து கிடந்தது. மூன்றாவது இடத்தில் ஒரு தவளை. கொழுத்த தவளை. எழுந்து ஓடாமல் அவரையே பார்த்தது.

"சொன்னேன்ல, ஒருத்தன் இருப்பான்னு" என்றார் அதனிடம்.

தவளையைத் தவிர வேறு யாரும் இல்லை. வரிசை வரிசையாகக் கிளறிக்கொண்டு போனார். மூச்சு வாங்கியது. டப்பா இல்லை, பொட்டலம் இல்லை, புதிதாகத் தோண்டிய அடையாளமும் இல்லை. தம்பி ஒவ்வொரு செடிக்கும் விரலால் விலக்கி வைத்த வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் முள் பட்டு அந்த வட்டங்கள் கலைந்தன. அது என்னவோபோல் இருந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கண் போயிற்று. தன் பக்கம். அவருடைய மொட்டை மண்.

தெற்கு ஓரத்தில் கடைசி வரிசைகளுக்கு நடுவே மண் நிறம் மாறியிருந்தது. மற்ற இடம் வெளுத்துக் காய்ந்திருக்க, அந்தப் பட்டை மட்டும் ஈரமாக, கையால் தட்டிச் சமன் செய்ததுபோல். செருப்புத் தடம்கூட ஒன்று இருந்தது. நீளமான தடம்.

"அடப் பாவிகளா" என்றார் பெரியவர். "என் மடியிலயே கட்டி வெச்சிருக்கீங்களா."

கள்ளன் திருட்டுப் பொருளைக் காவல்காரன் வீட்டிலேயே ஒளித்த கதை. யார் தேடுவார்கள் அங்கே? வாய்க்காலைத் தாண்டி வந்து முள்ளை ஓங்கிக் குத்தினார். மேல்மண் ஒரு கை ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே முள் சத்தமில்லாமல் மெத்தென்று இறங்கியது. நெம்பித் தூக்கினார்.

வைக்கோல். பாதி மக்கின வைக்கோலும் சருகும்.

எதையோ சுற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மண்டியிட்டுக் கையால் வாரி வெளியே போட்டார். இன்னும் வைக்கோல். பட்டை முடிகிறவரை வாரினார். வைக்கோலுக்குள் வைக்கோல்தான் இருந்தது. அதன் கீழே கட்டி மண்.

அடுத்த வரிசைக்குப் போனார். இங்கே மேல்மண் பழையது, அவர் களைக்கொத்தியால் தினமும் மேலாகச் சுரண்டுகிற மண். குத்தினார். இங்கேயும் முள் மெத்தென்று இறங்கியது. வந்தது வைக்கோல் என்று சொல்ல முடியாது, கறுத்துப் பொடிந்து மண்ணோடு சேர்ந்துவிட்டது. அதில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. சாமந்தி வேர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அதற்குள் விரல் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தால் அடியில் இன்னொரு அடுக்கு. இன்னும் கறுப்பு. அதற்கும் கீழே ஒன்று, பிசைந்தால் மை. வருஷத்துக்கு ஒன்றாக.

நடு வரிசையில் குத்தினார். வடக்கு ஓரத்தில் குத்தினார். எங்கே குத்தினாலும் அதேதான்.

பெரியவர் வரப்பில் உட்கார்ந்தார். முள் கையிலிருந்து சரிந்து விழுந்ததை அவர் எடுக்கவில்லை.

தம்பி பெண்டாட்டி வருகிற சத்தம் கேட்டது. புருஷன் உடம்பை விட்டுவிட்டு அவள் நிலத்துக்கு வருகிறாள் என்று பின்வாசலில் யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். வந்து, கிளறிப்போட்ட குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கிடைச்சிருச்சா மாமா?"

"என்னம்மா இது?"

"பாத்தா தெரியலையா? மூடாக்கு."

"மூடாக்கு மேல போடறது."

"மேல போட்டா நீங்க எடுத்து வீசுவீங்க. அதனால கீழ போட்டாரு. கீழ்மூடாக்கு. நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் அதைச் சொல்லுவோம்."

பெரியவர் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை புரட்டினார். மூடாக்குக்குக் கீழே என்று ஓர் இரவு முழுக்கச் சுமந்த வார்த்தை, இப்போது தலைகீழாக வந்து நின்றது.

"எப்பலேருந்து?"

"உங்க பக்கம் கருகிச்சே, அதுக்கு மறு வருஷத்துலேருந்து."

"பொய். நான் இங்கயேதான கிடக்கறேன். என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு எப்படிப் போட முடியும்?"

"நாத்து எடுக்க யாரு போவாங்க?"

பாத்தி கட்டுகிற சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் சின்னவர் வந்து நிற்பார். 'அண்ணே, நாத்துப் பண்ணைக்காரன் ஏமாத்தறான், வேரைப் பாக்காம தலையில கட்டறான், உங்களை விட்டா அவனைப் பிடிக்க ஆளில்ல' என்பார். பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். போய்ப் பண்ணையிலேயே தங்கி, ஒவ்வொரு நாற்றாகப் பிடுங்கி வேர் பார்த்து, பண்ணைக்காரனோடு மல்லுக்கட்டி, ஜெயித்து, நாற்றோடு வந்து இறங்குவார். வரும்போது பாத்தி தயாராக இருக்கும். சமமாக, மொட்டையாக, ஒரு துரும்பு இல்லாமல்.

"அவனையா நான் நம்பினேன்" என்றார்.

"அவரை மட்டும்தான் நம்பினீங்க."

"சந்தையில வெச்சு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தான்? உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பான். எல்லாரும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க."

"கோமாளிக்காக யாராவது வருஷா வருஷம் சருகு சுமப்பாங்களா, மாமா?"

அவர் பக்கத்திலிருந்த மண்கட்டி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார்.

"நான் சண்டை போட்டேன்" என்றாள் அவள். "நம்ம பக்கத்துக்கே வைக்கோல் பத்தல, அவர் பக்கத்துக்கு எதுக்கு ஒளிச்சு ஒளிச்சுன்னு. கருகின வருஷம் நீங்க எங்க யார் கூடவும் பேசல, ஞாபகம் இருக்கா? தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய்க் கொட்டகையில உக்காந்து சாப்பிட்டீங்க. 'அண்ணன் தோத்தா வீடு தாங்காது, ஜெயிச்சுட்டுப் போகட்டும்'னாரு. அப்புறம் நீங்க ஜெயிச்சீங்க. வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்டீங்க. என் சமையலைக் குத்தம் சொன்னீங்க. அன்னிக்கு அவர் முகத்தைப் பாக்கணுமே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

காற்று வந்து, வெளியே வாரிப்போட்ட சருகில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது. பெரியவர் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மோந்து பார்க்கக் கையை மூக்குக்குக் கொண்டுபோனவர் பாதியில் இறக்கிவிட்டார்.

"மாப்பிள்ளை செருப்புல மண்ணு."

"இந்த வருஷம் இவர் படுத்துட்டாரு. நீங்களும் நாத்துக்குப் போய்ட்டு உடனே திரும்பிட்டீங்க. உங்க தெக்குப் பக்கம் மிச்சம் நின்னுபோச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்கன்னு ஒரே புலம்பல். நீங்க மருந்துப் பாட்டிலுக்குக் காவல் இருக்கிற நேரமாப் பாத்து மாப்பிள்ளை வந்து போட்டுட்டு இருந்தாரு. பாவம், மண்வெட்டி பிடிச்சுப் பழக்கமில்ல. இன்னிக்குக் காலையில கடைசிச் சாக்கு. முடிச்சிட்டு ஓடி வந்து சொல்றதுக்குள்ள இவர்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். முந்தானையை வாயில் அழுத்தினாள். பெரியவர் வேறு பக்கம் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஏஜெண்ட்டுக்கு?"

"தெரியாது."

"உன் பொண்ணுக்கு?"

"அவ வாயில எது நிக்கும்? அவகிட்ட சொல்லல."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"மாமா." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "புருஷன் பொணமாக் கிடக்கிறாரு. நான் உங்களோட வைக்கோல் பேசிக்கிட்டு நிக்கறேன். வர்றீங்களா, இல்லையா? வரலைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்."

குனிந்து முள்ளை எடுக்கப்போனாள். கிளறிப்போட்டதைத் திருப்பித் தள்ளத்தான்.

"நீ விடு" என்றார் பெரியவர். "நான் மூடறேன்."

அவள் போனாள். அவர் மண்டியிட்டு, வெளியே கிடந்ததை வாரிப் பள்ளத்தில் போட்டார். வேர் அறுந்த இடத்தில் பதமாக, மற்ற இடத்தில் அமுக்கி. மேலே மண்ணை இழுத்துவிட்டுக் கையால் தட்டினார். ஒரு துரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினார். கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் புறங்கையால் தேய்த்துக்கொண்டு, திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார்.

பின்வாசலில் ஏஜெண்ட் வழியை மறித்தார். "என்னண்ணே, கிடைச்சுதா?"

"என்னது?"

"தேடினீங்களே."

"யாரு தேடினது? களை எடுத்தேன்."

"இன்னிக்கா?"

"களைக்கு நாள் கிழமை தெரியுமாய்யா? நவுரு."

ஏஜெண்ட் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். பெரியவர் அதைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் அந்தக் கண்ணுக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

பெட்டியை மூடுகிற நேரம் வந்தது. தச்சர் பலகையைக் கையில் எடுத்தார். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். தம்பி முகத்தில் தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போய், உதடு லேசாக ஒரு பக்கம் இழுத்து, ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டவர்போல் இருந்தார். பெரியவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். இந்த மூஞ்சியில் எதையும் கண்டுபிடிக்கத் தனக்குத் துப்பு இல்லாமல் போனதே என்று பார்த்தாரோ என்னவோ.

"மூடுங்க" என்றார்.

ஆணி இறங்கியது. முன் பக்கம் ஒரு மூலைக்குப் பெரியவர், மறு மூலைக்கு மருமகன். பின்னால் ஏஜெண்ட்டும் பக்கத்து வீட்டுக்காரரும். "ஒண்ணு போல தூக்கணும்" என்றார் தச்சர். தூக்கினார்கள். மருமகன் நல்ல உயரம். பெரியவர் வயசில் குறுகிவிட்டவர். பெட்டி அவர் பக்கமாகச் சாய்ந்து, ஆடி, நின்றது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள்.

பலகை தோளில் அழுந்தும் என்று பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அழுந்தவில்லை. தோள்மேல் ஒரு துண்டு கிடப்பதுபோல்தான் இருந்தது. தம்பி நோயில் இளைத்துப் போனவன்தான், ஆனால் பலகை என்ன இளைத்ததா? இத்தனை இலேசாக ஒரு பெட்டி எப்படி இருக்கும்? பழைய குணம் தலையைத் தூக்கியது. எங்கேயோ ஒரு தில்லுமுல்லு இருக்கிறது.

கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினார்.

மருமகன் ஒரு கையால் தன் பக்கத்தைப் பிடித்திருந்தான். மற்றொரு கையைப் பெட்டிக்கு அடியில் குறுக்கே நீட்டி, பெரியவர் தோள் பக்கத்துப் பலகையை உள்ளங்கையால் ஏந்திக்கொண்டு வந்தான். விரல்கள் வெளுத்திருந்தன. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. முகம் மட்டும் ஒன்றும் தெரியாதவன்போல் நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் வாயைத் திறந்தார்.

"அண்ணே," என்று பின்னாலிருந்து ஏஜெண்ட் கேட்டார், "கனமா இருந்தா சொல்லுங்க, ஆள் மாத்திக்கலாம்."

தெருமுனை வரைக்கும் பெரியவர் பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கையைத் தூக்கிப் பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"கனம்தான்" என்றார். "மாத்த வேணாம்."

மருமகனின் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிப் புழுதியில் புள்ளி வைத்தது. பெரியவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.